ஆறாவது ஒட்டு

தெருவில் புதைத்த குழாயில் கேஸ் திறக்க மூன்று நாள் இருக்கையில், ஒட்டுக்காரி தாளில் எட்டு வரிகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறாவது வரியைக் காலியாக விட்டாள்.

சூப்பர்வைசர் முதலில் கவனிக்கவில்லை. தாளை வாங்கிக் கோப்பில் செருகப் போனவர், பழக்கதோஷத்தில் ஒரு பார்வை பார்த்தார். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

"ஒண்ண விட்டுட்டியேம்மா."

"விடல சார். போடல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சார்."

தகரக் கொட்டகைதான் அவர்களுக்கு அலுவலகம். மின்விசிறி சுற்றியதில் மேஜைத் தாள்களின் ஓரங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. சுவரில் தெருவின் வரைபடம் தொங்கியது. அதில் மஞ்சள் கோடாகக் குழாய், கோட்டின்மேல் பதினேழு சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஒட்டு. மேற்கு முனையிலிருந்து ஒன்பது அவள் போட்டவை, கிழக்கு முனையிலிருந்து எட்டு ராக்கெட் போட்டவை. மண்ணுக்குள் போய்விட்ட குழாயில் கேஸை விடுவதற்கு முன், ஒட்டியவரே ஒவ்வொரு ஒட்டுக்கும் எதிரே கையெழுத்திட வேண்டும். ஒரு வரி காலியாக இருந்தாலும் வால்வைத் தொடக்கூடாது. தெருவில் நாற்பது வீடுகளும், ஆறு கடைகளும், ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தன.

வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தான் ராக்கெட். அவளைவிடப் பத்து வயது சின்னவன். வேலையில் அவன் காட்டும் வேகத்துக்கு யாரோ வைத்த பெயர், இப்போது சம்பளச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அதுதான்.

"அக்காவுக்குக் கை வலிச்சிருக்கும் சார். ஒம்போது கையெழுத்துன்னா சும்மாவா?" என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஆறாவது ஒட்டுல நேரம் முடியறதுக்கு ஆறு நிமிஷம் முன்னாடியே கிளாம்ப எடுத்துட்டேன் சார். அத வெட்டி எடுக்கணும்."

டீயை ஊதும் சத்தம் நின்றது.

குழாய் பன்னிரண்டு மீட்டர் நீளத் துண்டுகளாக வரும். இரண்டு துண்டுகளின் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கையளவு நீளமுள்ள ஓர் உறைக்குள் இரண்டு பக்கமிருந்தும் நுழைக்க வேண்டும். உறையின் உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். அதில் மின்சாரம் பாய்ச்சினால் உறையும் குழாயும் உருகி ஒன்றோடொன்று கலந்துவிடும். இதெல்லாம் இயந்திரத்தின் வேலை. அதற்குப் பிறகுதான் மனிதர்களின் வேலை. அதாவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இரண்டு முனைகளும் அசையாதபடி கிளாம்ப் என்ற இரும்புப் பிடி இறுக்கிப் பிடித்திருக்க, பதினைந்து நிமிஷம் அது ஆற வேண்டும். ஒட்டுபவர் தன் எண்ணையும், கிளாம்பைக் கழற்ற வேண்டிய நேரத்தையும் குழாயின்மேல் பேனாவால் எழுதி வைப்பார். அந்த நேரம் வரும்வரை பக்கத்தில் இருப்பார்.

எட்டு மாதத்துக்கு முன் அவளும் எழுதினாள். மூன்று மணி நாற்பது. எழுதியபோது அது பொய் இல்லை. மூன்று முப்பத்துநாலுக்கு அவள் திருகைத் தளர்த்தியபோதுதான் பொய்யானது. அழித்து எழுத அவளுக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் குழாய் முழுவதிலும் காற்றை ஏற்றி ஒரு நாள் பூராவும் வைத்துப் பார்த்தார்கள்; அழுத்தம் காட்டும் முள் மயிரிழைகூட இறங்கவில்லை. மண் போட்டு மூடினார்கள், தார் போட்டார்கள். அவளும் மறந்துபோனாள். அல்லது, மறந்ததாக நினைப்பதற்கு அவளுக்கு நேரம் கிடைத்தது.

நேற்றுத் திங்கட்கிழமை, வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பயிற்சி வகுப்பு. அதை நடத்துகிறவரை எல்லாரும் டாக்டர் என்பார்கள். செத்த ஒட்டுகளை அறுத்து ஏன் செத்தன என்று சொல்வது அவர் வேலை. அவர் ஓர் உறையைக் காட்டினார். வெளியே பார்த்தால் குறையே சொல்ல முடியாது. உருகியதற்கு அடையாளமான இரண்டு சிறு முளைகளும் ஒழுங்காக எழும்பியிருந்தன. அதைக் குறடால் பிடித்து இழுத்தார். வேகவைத்த முட்டையின் ஓடு கழல்வதுபோல் வழவழவென்று கழன்று வந்தது.

"ஆறுறதுக்கு முன்னாடி புடிய விட்டது இது. காத்து சோதனையில பாஸ் ஆச்சு. அஞ்சு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பக்கத்துல ஒரு தண்ணிக் குழாய் வெடிச்சு மண்ணு கொஞ்சம் எறங்குச்சு. அவ்வளவுதான்."

அந்த உறை கைமாறி வந்து அதன் வழவழப்பைத் தொட்டபோது தன் விரல் எதையோ அடையாளம் கண்டுகொண்டதுபோல் அவளுக்கு இருந்தது. பார்த்தே இராத ஒன்றை விரல் எப்படி அடையாளம் காணும் என்று அறிவு கேட்டது. விரல் பதில் சொல்லவில்லை. அடுத்தவரிடம் கொடுக்கவும் இல்லை. பக்கத்து ஆள் இரண்டு முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

சூப்பர்வைசர் எழுந்து கதவைச் சாத்தினார். ராக்கெட் உள்ளே இருப்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"ஏன் எடுத்த?"

"கிளாம்ப் ஒண்ணுதான் இருந்துச்சு சார். இன்னொண்ணு திருகு போயிடுச்சு. அடுத்த ஒட்டுக்கு வேணுமே."

"அப்ப அது சாமான் கோளாறு. உன் கோளாறு இல்ல. சோதனையில பாஸ். போடு கையெழுத்த."

"அடுத்த ஒட்டுக்கு ஆறு நிமிஷம் காத்திருந்திருக்கலாமே சார்."

"அய்யோ, நான் உனக்காகப் பேசறேன்; நீ எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி பேசறியே" என்று தலையில் கை வைத்தார். "தார் போட்டு மூணு மாசம் ஆகல. திரும்பத் தோண்ட அனுமதி வாங்கணும். வெள்ளிக்கிழமை மேலிடத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. இதெல்லாம் விடு. உன் கார்டு என்ன ஆகும் தெரியுமா?"

கழுத்தில் தொங்கிய அட்டையை அவள் தன்னையறியாமல் தொட்டாள். அவள் படமும் எண்ணும் போட்ட அட்டை. அது இல்லாமல் ஒட்டு இயந்திரத்தின் பொத்தானை அழுத்த முடியாது. முதல் நாள் அதை அணிந்து தெருவில் இறங்கியபோது, இந்தம்மா யாருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கு என்று கேட்டார்கள். பதினோரு வருஷமாயிற்று.

"தெரியும் சார்."

சூப்பர்வைசர் ராக்கெட் பக்கம் தாளை நீட்டினார். "நீ போட்டுடேன்டா. அந்த அஞ்சு, ஆறு பக்கம் நீயும்தானே நடந்த."

ராக்கெட் டம்ளரைக் கீழே வைத்தான். "நடந்தேன் சார். ஆனா போட்டது அவங்க. எங்க வீட்டுக் குழந்தைக்கே நான் போடாத ஹோம்வொர்க்ல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான். அவனுக்குக் குழந்தையே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை.

*

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கணவன் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். காலை ஷிப்டில் பஸ் ஓட்டுபவன், மாலைச் சமையல் அவனுடையது. மகள் தரையில் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள்; பதினாலு வயது. ஒட்டுக்காரி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள்.

"ஏன் எடுத்த?" என்று அவனும் அதையேதான் கேட்டான்.

"மழ வர்ற மாதிரி இருந்துச்சுங்க. குழியில தண்ணி நின்னா ஒட்டவே முடியாது."

அவன் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. "வர்ற வழியில போன்ல கிளாம்ப் ஒண்ணுதான் இருந்துச்சுன்ன."

"அதுவுந்தான்."

"சரி. ரெண்டு காரணம் இருக்கறவங்ககிட்ட மூணாவதா ஒண்ணு இருக்கும். பஸ்ஸுக்கு லேட்டா வர்றவங்களத் தெனம் பாக்கறேனே."

அவள் கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டும் பொய் இல்லை. திருகு போனதும் நிஜம், வானம் இருண்டதும் நிஜம். நிஜங்களை இப்படி வரிசையாக அடுக்கி, அவற்றின் பின்னால் ஒருவர் நன்றாக ஒளிந்துகொள்ளலாம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஒருவேளை தெரிந்துதான் இருந்ததோ என்னவோ. எட்டு மாதமாக அங்கேதானே இருந்திருக்கிறாள்.

மூன்றாவது காரணத்துக்கு ஒரு முகம் உண்டு. அந்த ஒட்டுப் போட்ட நாள் காலை ராக்கெட் எல்லார் முன்னாலும் சொன்னான்: அக்கா கடியாரத்தப் பாத்தே நாள ஓட்டிடும். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று மாலை அவள் ஒன்பது, அவன் எட்டு.

"கார்டு போயிட்டா?" என்றான் கணவன்.

"போகும்."

"போகும்னா திரும்பி வருமா?"

"மூணு மாசம் கழிச்சு, மறுபடி பரீட்சை எழுதி, ஒட்டுப் போட்டுக் காமிச்சா வரும். வராமலும் போகலாம்."

மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "அம்மா, நீ பரீட்சையில ஃபெயிலானா நான் உன் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடறேன்."

"வாய மூடிட்டுப் படி" என்றான் அவன். பிறகு அவளிடம், "அந்த ஒட்டு யாரு வீட்டு முன்னாடி?"

"ஒரு சலவைக் கடை."

"ஆளுங்களத் தெரியுமா?"

"தெரியாது."

அவன் வெங்காயத்தை எண்ணெயில் போட்டான். சடசடவென்ற சத்தம் அடங்கும்வரை கிளறினான். "தெரியாத ஆளுங்களாச்சே, பேசாம கையெழுத்துப் போட்டுட்டு வான்னு சொல்லலாம்னு பாத்தேன். வாய் வரல. தட்டு எடு" என்றான்.

*

புதன்கிழமை முழுவதும் அவள் கையெழுத்துப் போடவில்லை. சூப்பர்வைசர் இரண்டு முறை அதட்டினார், ஒரு முறை கெஞ்சினார், ஒரு முறை அவளுக்குத் தெரியாதபடி தாளை மற்றத் தாள்களின் நடுவில் வைத்துக் கொடுத்துப் பார்த்தார். மாலையில் மேலிடத்துக்குப் போன் செய்தார். வெளியே வந்தபோது குரல் வற்றிப்போயிருந்தது.

"நாளைக்குக் காலையில தோண்டறோம். ஒரே ஒரு குழி. சாயங்காலத்துக்குள்ள மூடி, காத்து ஏத்தி, சோதிச்சு முடிச்சாகணும். கார்டக் கழட்டி மேஜையில வை. வெட்டி எடுக்கறத சனிக்கிழமை டாக்டர் பாப்பார். அவரு சொல்றத வச்சுத்தான் உன் விஷயம்."

அட்டையைக் கழற்றியபோது கயிறு தலைமுடியில் சிக்கிக்கொண்டது. ஒரு பெரிய காரியம் செய்கிறோம் என்று மனசுக்குள் எழும்பிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, அந்தச் சிக்கலை எடுப்பதற்குள் வடிந்துவிட்டது. நல்லதாயிற்று என்று நினைத்தாள்.

வியாழன் காலை, தாளில் இருந்த கணக்குப்படி, விளக்குக் கம்பத்திலிருந்து ஒன்றரை மீட்டர் அளந்து கோடு போட்டுத் தாரை அறுத்தார்கள். தோண்டும் ஆட்கள் நாலு பேர் மாற்றி மாற்றி இறங்கினார்கள். இடுப்பளவு ஆழத்தில் மஞ்சள் தெரிந்தது. கையால் மண்ணை வழித்தார்கள். குழாய் இருந்தது. ஒட்டு இல்லை.

இரண்டு பக்கமும் ஒரு முழம் தோண்டினார்கள். வழவழவென்று குழாய் மட்டும்தான்.

"பூமி முழுங்கிடுச்சு போல" என்றார் சூப்பர்வைசர். மணி பத்தரை. "பாரும்மா, உனக்காக அனுமதி வாங்கி, ரோட்ட அறுத்து, தோண்டியாச்சு. இல்லாதத எங்கேர்ந்து எடுக்கறது? இது மேல வேற என்ன செய்ய முடியும்? மூடிடலாம். தோண்டினோம்னு எழுதிக்கலாம்."

தப்பிக்க ஒரு வழி இவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தோண்டினோம், கிடைக்கவில்லை. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. கார்டும் திரும்பக் கழுத்துக்கு வந்துவிடும். ஒரு மூச்சு நேரம் அந்த யோசனை அவளுக்கு இதமாக இருந்ததை அவள் கவனித்தாள். அந்த இதத்தைக் கண்டுதான் பயந்தாள்.

குழியை விட்டு ஏறி விளக்குக் கம்பத்துக்குப் போனாள். கம்பத்தின் அடியில் சிமெண்ட் புதிதாக இருந்தது. சுற்றிலும் ஓடு பதித்த நடைபாதை, கம்பத்தைச் சுற்றி மட்டும் வேறு நிறம். திரும்பிச் சலவைக் கடையைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பெரிய உருளைகள், அடுக்கி வைத்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள், மூலையில் காலி சிலிண்டர்கள். வாசலில் துணி வண்டி ஏற சிமெண்ட் சரிவு. இடுப்பில் கை வைத்தபடி கடைக்காரம்மா இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கம்பம் முன்ன இங்கயாங்க இருந்துச்சு?" என்று ஒட்டுக்காரி கேட்டாள்.

"என் வாசல மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. வண்டி திரும்ப இடமில்ல. நாலு மனு எழுதிப் போட்டு நான்தான் அந்தப் பக்கம் தள்ளி நட வச்சேன். ஏன், அதையும் தோண்டப் போறீங்களா?"

"எவ்வளவு தூரம் தள்ளினாங்க?"

கடைக்காரம்மா இறங்கி வந்து சரிவின் ஓரத்தைக் காலால் தட்டினாள். "இதோ, இங்க இருந்துச்சு."

ராக்கெட் அளவு நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு கம்பத்துக்கு ஓடினான். மூன்று மீட்டர் இருபது. பழைய கம்பத்திலிருந்து அளந்தால் ஒட்டு விழும் இடம், சரியாகச் சரிவின் நடுவில்.

"முடியாது" என்றாள் கடைக்காரம்மா. "இன்னிக்கு நாலு ஆஸ்பத்திரி விரிப்பு போகணும். வண்டி எதுல எறங்கும், என் தலை மேலயா? நாளைக்கு கேஸ் வரும்னு சிலிண்டரெல்லாம் நிறுத்திட்டேன். இப்ப வந்து வாசல உடைக்கறேங்கறீங்க. என்ன கோளாறு கீழ?"

சூப்பர்வைசர் இருமினார். "ஒண்ணுமில்லம்மா, சாதாரண பராமரிப்பு..."

"கீழ ஒரு ஒட்டு இருக்கு. நான்தான் போட்டேன். ஆறுறதுக்கு முன்னாடி புடிய விட்டுட்டேன்" என்றாள் ஒட்டுக்காரி.

"கசியுமா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"நல்லா இருந்தாலும் இருக்கும். இன்னும் பத்து வருஷம் ஒண்ணும் ஆகாமலும் இருக்கும். வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். அத விட்டுட்டு நாளைக்கு கேஸ் தொறந்தா, உங்க கடைக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபத்தை எந்தப் பக்கம் விடுவது என்று தேடுகிற பார்வை. கடைசியில் கடைக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "பலகை ரெண்டு எடுத்துட்டு வாங்க. வண்டிய ஜன்னல் பக்கமா எறக்கிக்கலாம்." பிறகு ஒட்டுக்காரியிடம்: "போன தடவ மாதிரி ஓட்டையும் ஒடசலுமா வச்சிட்டுப் போனீங்க, நடக்கறதே வேற. சரிவு பழைய மாதிரி வரணும்."

சரிவை உடைக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மண்ணுக்குள் கறுப்பு உறை தெரிந்ததும் தோண்டும் ஆட்களை விலகச் சொல்லிவிட்டு அவளே குழியில் இறங்கினாள். விரலால் மண்ணைத் துடைத்தாள். அவள் எண். அதன் பக்கத்தில் அவள் எழுத்து, மூன்றுக்கு வால் நீட்டுகிற அதே எழுத்து: மூன்று மணி நாற்பது. எட்டு மாதம் ஈரத்தில் கிடந்தும் ஒரு புள்ளிகூட அழியவில்லை. அவசர அவசரமாகச் செய்த நாளில்கூட எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குழாயை இரண்டு பக்கமும் அறுத்து அதை வெளியே எடுத்தார்கள். இடைவெளியில் புதுத் துண்டு வைத்து இரண்டு ஒட்டுப் போட வேண்டும். கார்டு இல்லாததால் அவள் கரையில் உட்கார, ராக்கெட் இறங்கினான். முனையைச் சுரண்டினான், துடைத்தான், நுழைத்தான், பொத்தானை அழுத்தினான். பேனாவால் நேரத்தை எழுதிவிட்டுக் குழிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"பதினஞ்சு நிமிஷம் என்ன பண்ணுவீங்க அக்கா, இந்த நேரத்துல?"

"மொதல்ல எண்ணுவேன். அப்புறம் வீட்ட நெனப்பேன். அப்புறம் எங்க விட்டேன்னு மறந்துடும்."

"நான் இதுவரைக்கும் இப்படி உக்காந்ததே இல்ல. அடுத்த முனையச் சுரண்டப் போயிடுவேன். கிளாம்ப் தானே புடிச்சிருக்கு, நான் எதுக்கு?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நேரம் வர்றதுக்கு முன்ன தொட்டதில்ல. அத மட்டும் நம்புங்க" என்றான்.

"நம்பறேன்."

மாலை ஆறுக்குள் காற்றேற்றி முள்ளைப் பார்த்தார்கள். மூடினார்கள். சரிவுக்குச் சிமெண்ட் பூசும்போது கடைக்காரம்மா பக்கத்திலேயே நின்று மட்டம் சரியில்லை என்று மூன்று முறை திருப்பிப் போட வைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை கேஸ் திறந்தது. ஆறாவது வரியில், புது ஒட்டு இரண்டுக்கும், ராக்கெட்டின் கையெழுத்து. ஒட்டுக்காரி அங்கே போகவில்லை.

சனிக்கிழமை காலை சோதனை அறையில் நாலு பேர் இருந்தார்கள்: டாக்டர், சூப்பர்வைசர், அவள், வரச் சொல்லாமலே வந்திருந்த ராக்கெட். டாக்டர் ஆறாவது ஒட்டை ரம்பத்தில் வைத்து நீளவாக்கில் நாலு துண்டாக அறுத்தார். முதல் துண்டைப் பிடியில் மாட்டிக் குறடால் இழுத்தார்.

வழவழவென்று கழலவில்லை. முனகிக்கொண்டு, நார் நாராக, வெள்ளை வெள்ளையாகக் கிழிந்தது.

"நல்ல ஒட்டு" என்றார்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். சூப்பர்வைசர் நீளமாக மூச்சு விட்டார். "பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா? ரோட்ட ஒடச்சு, ஊரக் கூட்டி..."

அவளுக்கு நிம்மதி வரவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது என்னவென்று உற்றுப் பார்த்ததும் உடம்பு கூசியது. ஏமாற்றம். அந்த ஒட்டு கெட்டிருக்க வேண்டும் என்று மூன்று நாளாக உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறாள். கெட்டிருந்தால் அவள் செய்ததற்கெல்லாம் அர்த்தம் கிடைக்கும், அந்தக் கடைக்காரம்மாவைக் காப்பாற்றியவள் ஆகலாம். தப்புச் செய்தவளே காப்பாற்றியவளாகவும் ஆகிவிடலாம். என்ன பேராசை.

"நாலாவது?" என்றாள்.

"மூணு போதும்மா. பாஸ்தான்."

"இழுத்துடுங்க டாக்டர்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு மாட்டினார். இழுத்தார். நார் நாராகக் கிழிந்துகொண்டே வந்தது, ஓர் இடத்தில் சத்தம் மாறியது. டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு வழவழப்பு. அதில் கம்பிச் சுருளின் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. அளந்தார்.

"விதிப்படி இவ்வளவு இருக்கலாம். இதுவும் பாஸ்தான். குழாய் அந்தப் பக்கமா லேசா இழுத்திருக்கு. தாங்கியிருக்குமான்னு கேட்டா, தாங்கியிருக்கும்னுதான் சொல்வேன். எழுதிக் குடுன்னா குடுக்க மாட்டேன்."

இப்போது படிவம் ஒன்றுதான் பாக்கி. சூப்பர்வைசர் அதை மேஜையில் விரித்தார். முடிவு என்ற இடத்தில் டாக்டர் எழுதிவிட்டார். காரணம் என்ற இடத்தில் சூப்பர்வைசர் முன்னதாகவே பென்சிலால் எழுதிவைத்திருந்தார்: கிளாம்ப் திருகு பழுது.

"பாஸ், சாமான் கோளாறு. ரெண்டும் சேந்தா கார்டு இன்னிக்கே உன் கையில" என்றார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் படிவத்தின் பக்கத்தில் வைத்தார். அவள் படம் மேல்நோக்கிப் பார்த்தது. "இது மேல மட்டும் கையெழுத்துப் போடு. கெஞ்சிக் கேக்கறேன்."

கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் கஷ்டமாக இருந்தது. அவர் மூன்று நாளும் அதட்டியபோது நின்றவள், இப்போது கொஞ்சம் ஆடினாள். பதினோரு வருஷம். திங்கட்கிழமை அடுத்த தெரு. திருகு போனதும் பொய் இல்லையே.

"ரப்பர் இருக்கா டாக்டர்?"

பென்சில் எழுத்தை அழித்தாள். துகளை ஊதினாள். பேனாவால் எழுதினாள். நிதானமாகவே எழுதினாள், ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி: எடுத்த கிளாம்ப் பழுதில்லை. உடன் வேலை செய்தவரை எண்ணிக்கையில் முந்துவதற்காக, நேரத்துக்கு ஆறு நிமிடம் முன்னால் நானே கழற்றினேன்.

ராக்கெட் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான். "உடன் வேலை செய்தவர்னா... நானா?"

"வேற யாரு இருந்தா?"

"அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கல தெரியுமா? எட்டுதான் போட்டோம்னு." அவன் பிடரியைச் சொறிந்தான். "அப்ப அது எட்டுக்கு எட்டா?"

"எட்டுக்கு எட்டுதான்."

"சரி" என்றான்.

சூப்பர்வைசர் படிவத்தை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பொத்தான் போடக் கொஞ்ச நேரம் ஆனது.

"மூணு மாசம். அப்புறம் பரீட்சை. அது வரைக்கும் வீட்டுல உக்காந்து என்ன செய்வ?"

"வீட்டுல எதுக்கு சார்? குழி தோண்டக் கார்டு வேணாமே. அடுத்த தெருவுல திங்கட்கிழமை ஆரம்பிக்கறாங்கல்ல?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏழு மணிக்கு எறங்குவாங்க. ஒட்டுக்காரங்க மாதிரி எட்டுக்கு வந்து நிக்காத. அந்த ஆளுங்க என்னய மாதிரி இல்ல, வாய் ரொம்ப மோசம்."

"சரி சார்."

அவள் காலைப் பார்த்தாள். ஒட்டுப் போடுகிறவர்கள் அணியும் மெல்லிய ரப்பர்ச் செருப்பு. பதினோரு வருஷமாக அவளுக்கு அது போதுமாக இருந்தது. மண்வெட்டி ஒரு தடவை நழுவினால் விரல் போய்விடும். வேலைச் சாமான் தரும் ஸ்டோரைச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மணி பதினொன்றே முக்கால். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸில் தன் அளவு இருக்குமா, ஆம்பளை அளவுதான் கிடைக்குமா என்று யோசித்தபடி, வராந்தாவில் வேகமாக நடந்தாள்.